செய்தித்தாளில் எளிய தமிழ்: திரு. வி. கலியாணசுந்தரனார் வரலாறு



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்குதல் பற்றிய அறிவிப்பொன்றை இப்பத்திரிகைக்கு எழுதித் தரும் பணி என்பால் வந்தது. யான் புலமைக் கல்வி பயின்று தேர்ந்தவன். பள்ளியிலே தமிழாசிரியனாய் இருப்பவன். ஆதலின் அவ்வறிவிப்பை எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கி, ஒரே வாக்கியமாக, செந்தமிழ் நடையில் எழுதி முடித்தேன். முடித்தபோது என் உள்ளம் மிக உவந்தது. திங்கள் இரண்டு கழிந்தபின் ஓர் அம்மையார் தம் மகனை அழைத்துக்கொண்டு என் இல்லம் வந்தார். கணவரை இழந்தவர், எழுத்தறியாதவர். அண்டை வீட்டார் ஒருவரைக் கொண்டு அறிவிப்பைப் படிக்கச் செய்து கேட்டாராம். சங்கத்தில் உதவி தருகிறார்கள் என்பது விளங்கியதாம். விண்ணப்பம் இன்ன நாளுக்குள் வந்துசேர வேண்டும் என்பது படித்தவர்க்கும் விளங்கவில்லையாம், கேட்டவர்க்கும் விளங்கவில்லையாம். அந்நாள் கடந்து பதினைந்து நாட்கள் ஆகியிருந்தன. அவ்வாண்டு அச்சிறுவனுக்கு உதவி கிட்டவில்லை. அம்மையார் என்னை நோகவில்லை. தமக்குப் படிப்பில்லாமையை நொந்துகொண்டு சென்றார். குற்றம் என் படிப்பில் இருந்தது என்பதை யான் அன்று உணர்ந்தேன்.

அன்று முதல் என் நினைவில் அடிக்கடி எழுபவர் பெரியார் திரு. வி. கலியாணசுந்தரனார். அவரும் தமிழாசிரியரே. கடுநடையில் எழுதப் பயின்றவரே. அவர் தம் ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிச் செய்தித்தாளொன்றின் ஆசிரியராய் அமர்ந்தபோது, கற்ற புலமை அனைத்தையும் எளியவர் செவிக்கு எட்டும் சொல்லாக மாற்றிக் கொடுத்தார். அவர் பெருமை பலதிறத்தது. தொழிலாளர் தலைவராகவும், பெண்மைக்குப் பரிந்தவராகவும், சைவ நூல் வல்லவராகவும் அவரைப் பாராட்டுவோர் பலர். யான் ஈண்டு எடுத்துக்கொண்டது அவர் பத்திரிகைத் தமிழைச் செப்பம் செய்த வரலாறு ஒன்றே. ஏனையவற்றை அதற்கு வேண்டுமளவே கூறுவேன்.

கலியாணசுந்தரனாரின் முன்னோர் திருவாரூரினர். அவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தும், தந்தையார் விருத்தாசல முதலியார் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்தே திரு. வி. க. என்னும் பெயர் நாட்டில் வழங்கலாயிற்று. அன்னையார் சின்னம்மாள். செங்கற்பட்டு வட்டாரத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் இவர் பிறந்தார். பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டையில் வாழ, அங்குள்ள வெஸ்லி பள்ளியில் சேர்ந்து பயின்றார். இளமையிலே நோயுற்றுக் கைகால்கள் முடங்கியமையாற் சில ஆண்டுகள் படிப்பு தடைப்பட்டது. நோய் நீங்கியபின் மீண்டும் அப்பள்ளியையே அடைந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த தமிழாசிரியர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளையவர்கள். பிள்ளையவர்கள் அகராதி தொகுத்தவர், சைவ நூற்கடல், வாதப்போரில் வல்லவர். இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என வழங்கலாகாது என்று எழுந்த பெரும் பூசலில் முன்னின்றவர். அப்பூசல் நீதிமன்றம் வரை சென்றது. 1904ஆம் ஆண்டில் ஆசிரியரின் வழக்கின்பொருட்டு நீதிமன்றம் சென்றமையால், மாணவராகிய கலியாணசுந்தரனார் தம் இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. அத்துடன் பள்ளிப் படிப்பும் முடிந்தது. ஆசிரியர்மேல் அவர் கொண்டிருந்த பற்று அத்துணைப் பெரிது.

அப்பற்று அவர் எழுத்திலும் பதிந்தது. 1907இல் பிள்ளையவர்கள் மறைந்தபின், அவர் சரித்திரத்தை 1908இல் ஒரு நூலாக எழுதினார். அந்நூலைப் பிற்கால நூல்களுடன் ஒருங்கு வைத்துப் படிப்பவர் இரண்டும் ஒருவர் எழுதியவையோ என ஐயுறுவர். முன்னது பண்டிதர் உரைநடை. வாக்கியம் நீளும், அடைமொழிகள் அடர்ந்து நிற்கும், எழுவாயைக் கண்ட வாசகர் பயனிலையைக் காண நெடுந்தூரம் நடக்க வேண்டும். அக்காலத்தில் அதுவே புலமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. எளிதாக எழுதுவோனைக் கல்லாதவன் எனப் புலவர் இகழ்வர். அவ்விகழ்ச்சிக்கு அஞ்சி நடையைக் கடுமையாக்கிக்கொண்ட என்போன்றார் பலர்.

பள்ளி விட்டபின் பிழைப்பிற்காக ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தார். நாட்டிலே சுதேசியக் கிளர்ச்சி மூண்டிருந்த காலம் அது. அவ்வுணர்ச்சி வயப்பட்டவர்க்கு அவ்வேலை பொருந்தவில்லை. அதை விட்டு நீங்கினார். பின்னர் ஆயிரம்விளக்கிலிருந்த வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். 1912இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். முடிவில், தாம் மாணவராயிருந்த வெஸ்லி கலாசாலையிலேயே தலைமைத் தமிழாசிரியராக அமர்ந்தார். தம் ஆசிரியர் இருந்த இடம் அது. ஒரு தமிழ்ப்புலவர்க்கு அந்நாளில் அதனினும் உயர்ந்த அமைதி வேறு யாதுளது? திங்கள்தோறும் சம்பளம், மாணவர் மதிப்பு, மாலையில் நூலாராய்ச்சி. 1917ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் இவை அனைத்தையும் துறந்தார்.

துறந்ததன் காரணம் அறிதற்கு அக்காலத்து நாட்டு நிலையைச் சிறிது கூறல் வேண்டும். 1916இல் அன்னி பெசண்டு அம்மையார் ஓம்ரூல் இயக்கத்தைத் தொடங்கினார். 1917 ஜூனில் அரசாங்கம் அவரைக் காவலில் வைத்தது; செப்டம்பரில் விடுவித்தது. நாடெங்கும் கிளர்ச்சி பரவியது. ஆயினும் அக்கிளர்ச்சி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. மேடைகளில் வழக்கறிஞர் ஆங்கிலத்திற் பேசினர். ஆங்கிலம் அறிந்தோர் கைதட்டினர். உப்புக்கு வரி கொடுப்போரும், நிலத்துக்குத் தீர்வை கொடுப்போரும் ஒன்றும் அறியாதிருந்தனர். 1911ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதின்மரினும் குறைவு. அவருள்ளும் ஆங்கிலம் அறிந்தோர் மிகச் சிலர்.

தமிழ்ப் பத்திரிகைகள் இல்லாமலில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. அதில் 1904இல் சேர்ந்து உதவியாசிரியராகப் பணிபுரிந்த சுப்பிரமணிய பாரதியார், பின்னர் இந்தியா என்னும் வார இதழில் வீறுடன் எழுதினார். இவர்கள் வகுத்த வழியை மறத்தல் நன்றியன்று. ஆயினும் நாள்தோறும் செய்தி வெளியிடுவதில் ஒரு பெரிய இடர்ப்பாடு இருந்தது. உலகச் செய்தியும் சட்டசபைச் செய்தியும் தந்தியில் ஆங்கிலத்தில் வரும். உதவியாசிரியர் அதனைச் சுடச்சுட மொழிபெயர்த்தல் வேண்டும். அச்சுக் கோப்போர் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எடுத்துக் கோக்கக் காத்திருப்பர். அரசியல், தொழில், நிதி ஆகியவற்றின் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் நிலைபெறாத காலம். ஆராய நேரமில்லை. ஆதலின் ஆங்கிலச் சொல் அப்படியே நிற்கும். அல்லது வடமொழியிலிருந்து ஒரு நீண்ட தொகைச்சொல் வந்து அமரும். வாக்கியத்தின் அமைப்போ ஆங்கில வாக்கியத்தின் நிழலாயிருக்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். இஃது எப்பத்திரிகையிலும் வந்ததன்று, யானே புனைந்தது. ஓர் ஆலையை முதலாளிகள் பூட்டிவிட்டனர் என்க. அச்செய்தியைக் கலப்பு நடையில் எழுதுவோர், மில் மானேஜ்மெண்டார் லாக்கவுட் டிக்ளேர் செய்துவிட்டபடியால் லேபரர்களின் ஸ்திதி பரிதாபகரமாயிருக்கிறது என்பர். என்போன்ற பண்டிதர் எழுதின், ஆலைத் தலைவர் கதவடைப்புற்றமையான் வினைவலர் அல்லலெய்தி அலமரலுற்றனர் என்போம். முதலாவது நடையை ஆங்கிலம் அறியாதவர் அறியார். இரண்டாவதை நிகண்டு கல்லாதவர் அறியார். ஆலையில் வேலை செய்பவர் இவ்விரண்டையும் அறியார். அச்செய்தியோ அவரைப் பற்றியது! ஆலை முதலாளிகள் நேற்று ஆலையைப் பூட்டிவிட்டார்கள். தொழிலாளர்களுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை என்று எழுதினால் அவர் அறிவார். முதல் இரண்டினும் இல்லாத ஒன்று மூன்றாவதில் உண்டு என்பதையும் காண்க. பூட்டியது எந்நாள் என்பதும், விளைந்த துன்பம் இன்னதென்பதும் அதிலேதான் உள்ளன. பெருஞ்சொற்கள் பொருளை மறைப்பதோடு, பொருள் இல்லாமையையும் மறைத்துவிடும்.

இந்நிலையில், 1917 டிசம்பர் 7ஆம் நாள் தேசபக்தன் என்னும் நாளிதழ் சென்னையில் தோன்றியது. அதற்கு ஆசிரியராக அமர்ந்தவர் கலியாணசுந்தரனார். வயது முப்பத்து நான்கு. பத்திரிகைத் தொழிலில் முன்பழக்கம் பெரிதும் இலர். 1910ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அரசாங்கம் விரும்பினால் ஒரு பத்திரிகையிடம் ஜாமீன் தொகை கேட்கலாம். எழுத்துப் பிடிக்காவிடின் அத்தொகையைப் பறிமுதல் செய்யலாம். முதல் உலகப்போரோ இன்னும் முடிந்திலது. அத்தகைய வேளையிலே கலாசாலைப் பதவியை விட்டு அச்சுக்கூடத்திற் புகுந்தவர் நெஞ்சுரம் உடையவர் என்பதில் ஐயமில்லை.

அவர் நடை அங்கே மாறியது. பண்டிதர்க்கு மாணவர் காத்திருப்பர். விளங்காவிடின் மறுநாளும் கேட்பர். செய்தித்தாள் வாசகர் காத்திரார். மேலும், தமிழ்நாட்டிலே அந்நாளில் செய்தித்தாள் கண்ணாற் படிக்கப்பட்டதினும் காதாற் கேட்கப்பட்டதே மிகுதி. திண்ணையில் ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றிப் பலர் அமர்ந்து கேட்பர். ஏட்டில் உள்ள நெடுவாக்கியத்தைப் படிப்போர் மீண்டும் மேலே சென்று நோக்கலாம். காதிற் கேட்கும் வாக்கியத்திற்கு அவ்வசதியில்லை. சொன்னது சொன்ன மாத்திரத்தில் விளங்கல் வேண்டும். கலியாணசுந்தரனாரின் உரைநடையைப் படிப்போர் முதலிற் காண்பது வாக்கியங்களின் குறுமை. மூன்று சொல்லில் ஒரு வாக்கியம் முடியும். அடுத்த வாக்கியம் முன்னதன் கையைப் பற்றிக்கொண்டு நடக்கும். தாமே ஒரு வினாவை எழுப்புவார். தாமே விடை கூறுவார். இவை யாவும் செவிக்கு எழுதுவோனின் முறைகள். அவர் மேடைப் பேச்சாளராகவும் விளங்கியமை இதற்குத் துணைபுரிந்தது. ஆங்கிலம் ஆட்சி செலுத்திய அரசியல் மேடையில் தமிழிலே பேசித் தமிழுக்கு இடந்தேடியவருள் அவர் முன்னணியிலிருந்தவர்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் அவர் கொண்ட நெறி நம்மனோர் ஊன்றி நோக்கற்குரியது. 1916இல் மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் எழுந்தது. அடிகள்பால் இவர்க்கு மிக்க மதிப்புண்டு. ஆயினும் வடசொல் ஒவ்வொன்றையும் களைதல் வேண்டும் என்னும் உறுதியை இவர் மேற்கொள்ளவில்லை. இவர் நடத்திய இரு பத்திரிகைகளின் பெயர்களும் வடமொழிப் பெயர்களே. மக்கள் நாவில் வழங்கும் வடசொல்லை இவர் ஒதுக்கவில்லை. அவர் நாவில் வழங்காத சொல் எம்மொழியினதாயினும் அதற்கு ஈடான எளிய தமிழ்ச்சொல்லைத் தேடினார். மகாத்மா என வழங்கிய இடத்தில் அடிகள் என்னும் சொல்லை அமைத்து, 1921இல் வெளிவந்த தம் நூலுக்கு மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் எனப் பெயரிட்டார். சமணமும் சைவமும் வளர்த்த பழஞ்சொல் அது. ஆயின் எவர்க்கும் விளங்குவது. பழைய நூல்களைத் துருவிக் கற்றவரன்றி வேறு யாவர் அத்தகைய சொல்லைக் கண்டெடுக்க வல்லார்? எளிமைக்குப் புலமை பகை என்பார் இதனைக் கருதல் வேண்டும். நூறு சொற்களை அறிந்தவனே அவற்றுள் எளிய ஒன்றைத் தேர்ந்து எடுக்கவல்லான்.

எளிமையின் பயன் எத்தகைத்தென்பது விரைவில் வெளிப்பட்டது. சென்னைப் பெரம்பூரிலே பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பஞ்சாலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் அங்கு உழைத்தனர். விடியற்காலையில் வேலைக்குச் செல்வோர்க்கு நடுப்பகலில் உணவுக்கு அரைமணி நேரமே இடைவேளை. இக்குறையைச் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இருவர் பி. பி. வாடியா அவர்களிடம் எடுத்துச் சென்றனர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. இந்திய நாட்டில் ஒழுங்குற அமைந்த முதல் தொழிற்சங்கம் அஃது என்பர். வாடியா தலைவர், கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவர். வாடியா பார்சி வகுப்பினர், ஆங்கிலத்திலேயே பேசுவார். தொழிலாளரோ தமிழும் தெலுங்கும் அறிந்தவர். அவ்விடத்தில் தமிழ் எத்துணை இன்றியமையாதது என விளக்கவும் வேண்டுமோ? பெரம்பூரில் மாலைதோறும் கூடியவர்கள் தம் குறையைத் தம் மொழியிற் கேட்டனர். தம் கூலி, தம் நேரம், தம் உரிமை ஆகியவை பற்றிப் பேசவும் எழுதவும் தமிழில் சொல் உண்டு என்பதை அறிந்தனர். தன் குறைக்குப் பெயரறியாதவன் அதனை முறையிட எங்ஙனம் வல்லனாவான்?

அவ்வாண்டு அவர் இல்வாழ்வில் பேரிடி விழுந்தது. பிறந்த குழந்தைகள் இருவரும் முன்னரே இறந்தனர். 1918 செப்டம்பரில் கமலாம்பிகை அம்மையாரும் மறைந்தார். அவர் மீண்டும் மணம்புரியவில்லை. அச்சுக்கூடமும் தொழிற்சங்கமும் அவர்க்குக் குடும்பமாயின.

1919இல் ரௌலட் சட்டம் வந்தது. ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக்குப் படுகொலை நிகழ்ந்தது. நாட்டின் உள்ளம் கொதித்த அந்நாட்களில் தேசபக்தன் தமிழர் இல்லங்களில் விரும்பிப் படிக்கப்பட்டது. அதில் வந்த கட்டுரைகளைத் திரட்டித் தேசபக்தாமிர்தம் என ஒரு நூலும் வெளியாயிற்று. நாளிதழ்க் கட்டுரை நாளோடு மாய்வது இயல்பு. அதனை நூலாக்கிக் காக்க மக்கள் விரும்பினர் என்பது நடையின் வெற்றியைக் காட்டும்.

1920இல் அவர் தேசபக்தனை விட்டு நீங்கினார். அதன் ஆசிரியப் பொறுப்பு வ. வே. சு. ஐயர்பாற் சென்றது. கலியாணசுந்தரனார் அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் நவசக்தி என்னும் வார இதழைத் தொடங்கினார். தேசபக்தனில் இரண்டரை ஆண்டுகளிற் பயின்ற நடை நவசக்தியில் முதிர்ந்தது. தேசியமும், தொழிலாளர் நலமும், பெண்ணுரிமையும், சமயமும், தமிழும் அதில் ஒருங்கே இடம்பெற்றன.

1921ஆம் ஆண்டு அவர்க்குப் பெருஞ்சோதனையாண்டு. பெரம்பூர் ஆலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. திங்கள் பல நீண்டது. தொழிலாளருள்ளே ஒரு சாரார் வேலைக்குத் திரும்ப, மற்றொரு சாரார் தடுக்க, அது சாதிப் பூசலாய் மாறிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்களும் மாண்டன. ஒரே ஆலையில் ஒரே குறைக்காக நின்றோர் சாதியாற் பிரிந்த துயர வரலாறு அது. ஒரு சமூகத்தின் பெயரால் நடைபெறும் இப்பத்திரிகையைப் படிப்போர் அதனை மறத்தலாகாது. கவர்னர் வில்லிங்டன் பிரபு, தொழிலாளர் தலைவர்களை நாடு கடத்துவதாக அச்சுறுத்தினார். கலியாணசுந்தரனாரும் அவருள் ஒருவர். நாடு கடத்தல் நிகழவில்லை. அவர் தம் எழுத்தையும் நிறுத்தவில்லை.

நவசக்தி ஒரு பள்ளிக்கூடமாகவும் விளங்கியது. 1923இல் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ரா. கிருஷ்ணமூர்த்தி என்பார். கல்கி எனப் பின்னாளில் தமிழுலகம் கொண்டாடிய எழுத்தாளர் அவரே. சில ஆண்டுகள் அங்குப் பயின்றபின் அவர் ஆனந்த விகடனுக்குச் சென்றார். பின்னர்த் தம் பெயரால் விளங்கும் இதழையும் தொடங்கினார். அவர் நடை கலியாணசுந்தரனார் நடையினின்றும் வேறுபட்டது, நகைச்சுவை மிக்கது. ஆயினும் தமிழ் வாசகரை வருத்தாமல் எழுதலாம் என்னும் துணிவை, தொழில் பயின்ற இடத்திலேயே அவர் கண்டிருத்தல் கூடும் என்று கருதுதல் பிழையாகாது.

கலியாணசுந்தரனார் இயற்றிய நூல்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை. 1927இல் வந்த பெண்ணின் பெருமை திருமண வீடுகளிற் பரிசாக வழங்கப்பெறும் நூலாயிற்று. நவசக்திக் கட்டுரைகள் பல 1935இல் தமிழ்ச்சோலை என்னும் தொகுப்பில் இடம்பெற்றன. 1944இல் வாழ்க்கைக் குறிப்புகள் என்னும் தன்வரலாறு வெளிவந்தது. சென்னையின் அரைநூற்றாண்டு வரலாறு அறிய விரும்புவோர் இன்றும் அந்நூலை நாடுகின்றனர். நாடு விடுதலை எய்திய 1947ஆம் ஆண்டிலேயே, ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்பொருட்டு அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். தாம் அரும்பாடுபட்டு வளர்த்த கட்சியின் ஆட்சியிலே இது நிகழ்ந்தது. முதுமையிற் கண்ணொளி குன்றி முடிவில் மறைந்தது. அப்பொழுதும் அவர் சொல்லப் பிறர் எழுத நூல்கள் உருவாயின. 1951இல் வந்த ஒன்றுக்கு முதுமை உளறல் எனத் தாமே பெயர் சூட்டினார். அத்துணைப் புலமையுடையார் தம் நூலுக்கு அத்துணை எளிய பெயரிட்டமை அவர் இயல்புக்குச் சான்று. 1953 செப்டம்பர் 17ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். சொந்தமாகச் சேர்த்த பெருஞ்செல்வம் யாதுமில்லை.

பெரியோர் வரலாறு கூறுமிடத்துக் குறையையும் கூறுதல் முறையாகும். கலியாணசுந்தரனாரின் குறுவாக்கியங்கள் சிலவிடத்து அளவிறந்து அடுக்கி வரும். உணர்ச்சி மிகுங்கால் ஒரு கருத்தே பல வாக்கியங்களாய்த் திரும்பித் திரும்பி வரும். செய்திக்கும் அறிவுரைக்கும் இடையிலுள்ள வரம்பு சிலபோது மங்கிவிடும். அவர் எளிமை ஒரு புலவரின் எளிமையே. கடைத்தெருவில் வழங்கும் எளிமையன்று. அதனைக் கடைத்தெரு வரை கொண்டு சென்றவர் பின்வந்தோர். 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்போரும் செய்தி அறியச் செய்தது. ஆயினும் முதலிற் காடு வெட்டி வழி செய்தவனுக்கும், பின்னர் அவ்வழியிற் கல் பரப்பியவனுக்கும் வேலை வெவ்வேறு. புலவர் அவையினின்று எழுந்து வந்து, பேச்சுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் இடையே ஒரு பாதை உண்டு எனக் காட்டியது கலியாணசுந்தரனார் செய்த தொண்டு.

இது புதுமையுமன்று. நன்னூலைப் பாடஞ்சொல்லும் நாம், நூலுக்குரிய அழகுகளுள் சுருக்கமும் தெளிவும் முன்னே நிற்பதையும், படிப்போரை மயங்கவைப்பது குற்றங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பதையும் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். கற்பித்துவிட்டு, நாமே எழுத அமரும்போது அக்குற்றத்தையே செய்கின்றோம். இலக்கணம் எளிமைக்குப் பகையாக நின்றதில்லை. நம் செருக்கே பகையாக நின்றது.

நம் பத்திரிகைக்குக் கிளைச்சங்கச் செய்திகள் எழுதி அனுப்பும் அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். கூட்டம் நடந்த ஊரையும் நாளையும் முதலிற் கூறுக. அங்கே முடிவு செய்யப்பட்டது யாது என்பதை அடுத்துக் கூறுக. தலைவரின் புகழ்மாலையை இறுதியில் வைத்துக்கொள்க, இடமில்லையேல் விட்டுவிடுக. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியே இருக்கட்டும். புதுச்சொல்லொன்றைப் புகுத்த நேரின், அதன் பொருளை அவ்விடத்திலேயே ஒரு சொல்லில் உரைத்துவிடுக. எழுதியதை உரக்கப் படித்துக் காண்க. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறித்துவிடுக. தொகை, நாள், இடம் ஆகிய மூன்றும் பெருஞ்சொற்களுக்கு இடையே மறைந்து கிடவாமற் பார்த்துக்கொள்க. நம் பத்திரிகையை இன்றும் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வீடுகள் உண்டு என்பதை என் வாயிலில் வந்து நின்ற அவ்வம்மையாரிடமிருந்து யான் அறிந்தேன்.

இவ்வாண்டுக் கல்வி நிதி அறிவிப்பும் என் பொறுப்பிலேயே வந்தது. ஆறு சிறு வாக்கியங்களில் எழுதினேன். கடைசி நாளை முதல் வாக்கியத்திலேயே வைத்தேன். அச்சுக்கு அனுப்புமுன் அவ்வம்மையாரின் இல்லம் சென்று, அவர் கேட்கப் படித்துக் காட்டினேன். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தல் வேண்டும் என்னுமிடத்தில் அவர் என்னை நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று வினவினார். கொடுக்க வேண்டும் எனத் திருத்தினேன். அவர் மகனின் விண்ணப்பம் உரிய நாளுக்கு முன்பே சங்கத்துக்கு வந்துசேர்ந்துவிட்டது.